கம்ப்ரஸருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, கண்ணுக்கு?

ராஜ்கோட்டுக்கு மாற்றலாகி வந்த புதிது. 2023. ஊருக்கு வெளியே ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு லோன் விஷயமாகப் போயிருந்தேன். ராஜ்கோட் தெரியாதவர்கள் நம்ம கோயம்புத்தூரை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பு, காஸ்டிங், லேத் என்று தெருவுக்குத் தெரு இரும்புச் சத்தம். கிளம்பும்போது என் பேண்ட் முழுக்க கிரைண்டிங் தூசி. முதலாளி "ஒரு நிமிஷம் நில்லுங்க சாஹேப்" என்று ஏர் கன்னை எடுத்து தோளிலிருந்து கால் வரை காற்றடித்துத் தூசி தட்டிவிட்டார். மாப்பிள்ளை மரியாதை! நானும் இளித்துக்கொண்டே நின்றேன்.

அந்தக் காற்று என்ன காற்று என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கார் டயரில் இருப்பது 30, 35 பிஎஸ்ஐ. பட்டறைக் கம்ப்ரஸரில் 100, 120 சாதாரணம். அமெரிக்காவின் ஓஷா விதிப்படி மெஷினைச் சுத்தம் செய்யக்கூட 30-க்கு மேல் கூடாது. மனுஷன் மேல் அடித்தால்? இரும்புத்தூள் கண்ணில் போய்க் குத்தும். செவிப்பறை கிழியலாம். தோலில் காயம் இருந்தால் காற்று உள்ளே புகுந்து, ரத்தக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 2024 மார்ச்சில் பெங்களூருவில் ஒரு சர்வீஸ் சென்டரில் நண்பன் விளையாட்டாக ஆசனவாயில் காற்றடித்ததில் 24 வயதுப் பையன் குடல் கிழிந்து செத்துப்போனான். விளையாட்டாம்.

சரி, என் பாவக் கதைக்கு வருவோம்.

அந்தப் பட்டறைக்காரர் கொடுத்த கொட்டேஷனில் கம்ப்ரஸர், வெல்டிங் மெஷின், கேஸ் கட்டிங் செட் எல்லாம் இருந்தது. கடைசியில் நாலு வரி: வெல்டிங் ஹெல்மெட், தோல் கையுறை, தடுப்புத் திரை, ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு வரியையும் சிவப்பு மையில் அடித்தேன். "உற்பத்திக்கு நேரடியாக உதவாதவை" என்று ஓரத்தில் குறிப்பு வேறு. மார்ஜின் பணம் குறைந்ததில் அவருக்கும் சந்தோஷம். தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து இன்ஸ்பெக்ஷன். மூலையில் ஒரு பையன் கண்ணில் உருளைக்கிழங்கு வில்லைகளை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். ஹெல்ப்பர். பதினெட்டு வயது இருக்கும். வெல்டரிடமாவது ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றுமில்லை. வெல்டிங் வெளிச்சத்தில் வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் கருவிழியைச் சுட்டுவிடும். அந்த நேரம் வலி தெரியாது. ராத்திரி, கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல எரியும். "ரெண்டு நாள்ல சரியாயிடும் சாஹேப், எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் முதலாளி.

என் ரிப்போர்ட்டில் என்ன எழுதினேன்? பேங்க் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறதா - ஆம். இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளதா - ஆம். இயந்திரங்கள் நல்ல நிலையில் உள்ளனவா - ஆம். அந்தப் பையனுக்கு எந்தக் கட்டமும் இல்லை. மெஷினில் ஒரு கீறல் விழுந்தால் எழுத இடம் இருக்கிறது.

அப்புறம் 2024 மே 25. இதே ஊரில் டிஆர்பி கேம் ஜோன். 27 பேர் எரிந்து செத்தார்கள், அதில் குழந்தைகள். வெல்டிங் பொறி கீழே விழுந்து தீப்பிடிப்பது சிசிடிவியில் பதிவாகியிருந்தது. தீயணைப்புத் துறையின் என்ஓசி இல்லாமலே நடந்த இடம். எல்லோரும் என்ஓசியைப் பற்றியே பேசினார்கள். வெல்டிங் நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது, வேலை முடிந்தும் அரை மணி நேரமாவது ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்ற அடிப்படைப் பாடத்தை எத்தனை பேர் பேசினார்கள்?

இதைச் சொன்னால் நம்ம பேங்க் நண்பர்களிடமிருந்து மூன்று பதில் வரும்.

ஒன்று, "சட்டம் பார்த்துக்கும்பா". எந்தச் சட்டம் சாமி? 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால்தான் ஃபேக்டரி. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பில் அதுவே 20 பேர். நான் லோன் கொடுக்கும் பட்டறையில் ஆறு பேர். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். எட்டிப் பார்க்கும் ஒரே ஆள் நாம்தான்.

இரண்டு, "கொடுத்தாலும் போட மாட்டாங்க". கையில் பிடிக்கும் கண்ணாடியைக் கொடுத்தால் எப்படிப் போடுவான்? ஒரு கையில் ஹோல்டர், இன்னொரு கையில் இரும்பு. மூன்றாவது கைக்கு எங்கே போவான்? தலையில் மாட்டும் ஹெல்மெட் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மூன்று, "சின்ன யூனிட், தாங்காது". நான் அடித்த நாலு வரியின் மொத்தத் தொகை, அந்த மெஷின்களின் விலைக்கு முன்னால் ஒரு தூசு. ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் உள்ளங்கையில் அடங்கும் சாமான். டார்ச்சிலிருந்து தீ பின்னால் திரும்பி, ஹோஸ் வழியாக சிலிண்டருக்குப் போகாமல் அதுதான் தடுக்கும். அது இல்லாமல் அசெட்டிலின் சிலிண்டர் வெடித்தால் கம்ப்ரஸர், கூரை, கடன் எல்லாம் சேர்ந்து போகும். என்பிஏ பயத்திலாவது இதை யோசிக்கக் கூடாதா? (இப்படிப் பணத்தைக் காட்டித்தான் நம் ஆட்களுக்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. வெட்கம்தான்.)

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கொட்டேஷனில் பாதுகாப்புச் சாமான் இல்லையென்றால் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்ஷன் படிவத்தில் ஐந்து கேள்வி சேருங்கள். ஹெல்ப்பருக்கும் கண் பாதுகாப்பு உண்டா? அசெட்டிலின் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறதா? ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் படாமல் இருக்கிறதா? கம்ப்ரஸர் டேங்க்கில் சேரும் தண்ணீரை தினமும் வடிக்கிறார்களா, இல்லை உள்ளேயே துருப்பிடிக்கிறதா? சேஃப்டி வால்வு வேலை செய்கிறதா? பார்க்கப் பத்து நிமிஷம். டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

நான் இப்போது சாங்ஷன் லெட்டரில் இதை ஒரு நிபந்தனையாகவே போடுகிறேன். மேலே இருந்து "இது நம்ம வேலையா சார்?" என்று ஒரு தடவை கேட்டார்கள். பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை என்றால் இதுவும்தான் என்றேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

போன மாதம் அதே பட்டறைக்குப் போனேன். முதலாளி பழக்கதோஷத்தில் ஏர் கன்னை எடுத்தார். வேண்டாம் பாய், ஒரு துணி கொடுங்க என்றேன். அந்தப் பையன்தான் கொண்டுவந்து கொடுத்தான். அவன் தலையில் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டிருந்தான்.

டிஸ்கி: நான் வெறும் பி.காம். இஞ்சினியர்கள் யாராவது என் ஐந்து கேள்விகளில் தப்பு கண்டுபிடித்தால் திட்டிவிட்டு, ஆறாவதைச் சொல்லிக்கொடுங்கள். படிவத்தில் இடம் இருக்கிறது :-)