சக்கரத்துக் கறுப்பும் கக்கூஸ் ஆசிட்டும்

நெல்லு, மாடு, வரப்புன்னு எழுதிக்கிட்டு இருந்தவன் இன்னைக்கு கார் சக்கரத்தைப் பத்தி எழுதறேனேன்னு பார்க்காதீங்க. போன வாரம் எங்க வீட்டு வாசல்ல நடந்ததுதான் காரணம்.

என் அக்கா பையன் ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறான். கடன்ல வாங்கின கார், அலாய் வீல் போட்டது. விசேஷத்துக்கு ஓரிக்கை வந்தவன், முன்சக்கரம் ரெண்டும் கறுத்துக் கிடக்குன்னு கக்கூஸ் கழுவுற ஆசிட்டை ஊத்தித் தேய்ச்சான். "மாமா, அஞ்சு நிமிஷத்துல பளிச்சுன்னு ஆயிடும் பாருங்க"ன்னான். கறுப்பு போச்சு. கூடவே மேல்பூச்சும் போச்சு. காய்ஞ்சதும் தேமல் மாதிரி வெள்ளைத் திட்டு. கழுவின தண்ணி வாசல் சரிவுல ஓடி வயலுக்குப் போற வாய்க்கால்ல கலந்தது. அதைப் பார்த்தப்போதான் எனக்கு வயிறு எரிஞ்சது.

அந்தக் கறுப்பு வெறும் ரோட்டுப் புழுதி இல்லைங்க. பிரேக் அடிக்கும்போது பேடும் டிஸ்க்கும் உரசித் தேயற தூள். அதுல இரும்புத்தூள்தான் அதிகம்; பேடுல சேர்த்திருக்கிற மத்த உலோகமும் கரியும் இருக்கும். சூட்டோட வந்து ஒட்டும். நாளாச்சுன்னா ஈரம் பட்டு துருவாகி ஊறிடும். பிரேக் பிடிச்சா வண்டியோட கனம் முன்னாடி சாயறதால முன்பிரேக்குக்குத்தான் வேலை ஜாஸ்தி. நம்ம ஊர் சின்ன கார்கள்ல பின்னாடி பெரும்பாலும் டிரம் பிரேக், தூள் உள்ளேயே தங்கிடும். கோயில் கூட்டத்துல காஞ்சிபுரம் தெருக்களுக்குள்ள ஒரு சுற்று வந்தாலே எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறோம்னு எண்ணிப் பாருங்க.

இதுக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொல்றாங்க. புளி, எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா, சலவை சோடா. புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு அருமையான மருந்துதான். ஆனா அலாய் வீல் அலுமினியம். புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்துல வைக்காதேன்னு நம்ம ஆத்தா சொன்னது எதுக்கு? புளிப்பு அதை அரிக்கும். காரமும் அப்படித்தான். பட்டு நூல் வேலை தெரிஞ்சவங்களைக் கேளுங்க: பசை எடுக்க சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுவாங்க, சோடா அளவு மீறினா நூலே வீணாயிடும். சக்கரத்து மேல்பூச்சு நல்லா இருக்கிற வரைக்கும் தாங்கும். கல் பட்டுக் கீறின இடத்துல ஆசிட்டோ சலவை சோடாவோ புகுந்தா உள்ளே அரிச்சுக்கிட்டே போகும். இன்னொண்ணு: கக்கூஸ் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணாக் கலக்கவே கலக்காதீங்க. வர்றது குளோரின் வாயு, ஆளையே சாய்ச்சிடும்.

மினுமினுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவறவங்களும் இருக்காங்க. எண்ணெய்ப் பிசுக்குல தூள் இன்னும் அப்பும். அது போகட்டும், கை தவறி டிஸ்க்குல பட்டா பிரேக் வழுக்கும். பளபளப்புக்கு உயிரை வைக்க முடியுமா?

என் கட்சி இதுதான்: வீட்டுச் சாமானே போதும், ஆனா பாத்ரூம் சாமான் வேண்டாம். பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு மூடி, அரை பக்கெட் தண்ணி, பழைய பல் பிரஷ், பழைய வேட்டித் துணி. சக்கரம் ஆறின பிறகு, நிழல்ல வெச்சு, முதல்ல வெறும் தண்ணி ஊத்துங்க. உலர்ந்த தூளை ஊதாதீங்க, வறட்டுத் துணியால தட்டாதீங்க, நுரையீரலுக்கு ஆகாது. அப்புறம் சோப்புத் தண்ணியில தேய்ச்சு, அலசி, துடைச்சு விடுங்க. அந்தத் துணியால வண்டி பாடியைத் தொடாதீங்க, இரும்புத்தூள் கீறிடும். வண்டி எடுத்ததும் மெதுவா ஓட்டி ரெண்டு தடவை பிரேக் மிதிச்சு டிஸ்க்கை உலர விடுங்க. பதினைஞ்சு நாளைக்கு ஒருதரம் இப்படிச் செஞ்சா ஆசிட் வாங்கற வேலையே வராது. களை எடுக்கிற கணக்குதான், முளையிலேயே கிள்ளினா கை போதும்.

கழுவும்போது கண்ணையும் திறந்து வெச்சிருங்க. ஒரு முன்சக்கரம் மட்டும் மத்ததைவிட ரொம்பக் கறுத்திருந்தா அந்தப் பக்கம் பிரேக் ஒட்டிப் பிடிக்குதோ என்னவோ. அழுக்கைத் துடைச்சுட்டுப் போயிடாம மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

கடைசியா தண்ணி. பிரேக் தூள்ல இருக்கிற தாமிரம் மழையோட ஓடி மீனைக் கெடுக்குதுன்னு அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம் 2010-லேயே சட்டம் போட்டு, பிரேக் பேடுல தாமிரத்தைப் படிப்படியாக் குறைக்கச் சொன்னது. நமக்குப் புதுசா யாரும் சொல்லணுமா? ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் கழிவால பாலாறு பட்ட பாட்டுக்கு உச்ச நீதிமன்றம் 1996-ல தீர்ப்பு சொன்னது. ஒரு காரும் ஒரு தோல் ஆலையும் ஒண்ணில்லைதான், ஒத்துக்கறேன். ஆனா மேல இருக்கிறவங்க கழுவி விட்டது கீழே வரும்னு பாலாற்றங்கரைக்காரனுக்குத் தெரியாதா? அதனால வண்டியை ஏரியில இறக்காதீங்க. கிணத்துக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, மண் தரையில நிறுத்திக் கழுவுங்க.

மாப்ளே சக்கரத்துக்குப் புதுசா பெயிண்ட் அடிக்க விலை விசாரிச்சுக்கிட்டு இருக்கான். நான் வாய்க்கால்ல நல்ல தண்ணி திறந்து விட்டுட்டு வந்தேன்.