கடைக்காரரும் பொட்டணிக்காரரும்: தடை வேண்டாம், முறை வேண்டும்

சென்ற வாரம் அஸர் தொழுதுவிட்டு வந்து கடைக் கதவைத் திறந்தபோது, எமது வீதியில் வியாபாரம் செய்யும் இரு நண்பர்கள் ஒரு கடதாசியுடன் காத்திருந்தார்கள். உள்ளூராட்சி சபைக்கு அனுப்பவிருக்கும் மகஜர் அது. "வெளிமாவட்டங்களில் இருந்து வரும் நடமாடும் வியாபாரிகளையும் தற்காலிகக் கடைக்காரர்களையும் எமது எல்லைக்குள் முற்றாகத் தடை செய்ய வேண்டும்" என்பது கோரிக்கை. ஏற்கெனவே பலர் கையொப்பம் இட்டிருந்தார்கள். தமிழ் வர்த்தகர்களும் இருந்தார்கள், எங்களவர்களும் இருந்தார்கள். பேனாவைக் கையில் எடுத்துவிட்டு, "ஜும்ஆவுக்குப் பிறகு சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அந்தத் தயக்கத்துக்கான காரணத்தை வாசகர்களாகிய வர்த்தக சகோதரர்களோடு பகிர்ந்து கொள்வதே இவ்வாரப் பத்தி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மகஜர் கொண்டு வந்தவர்களின் வேதனை பொய்யல்ல. கடை வைத்திருப்பவனுக்கு வாடகை இருக்கிறது, முற்பணம் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் கட்ட வேண்டும். 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்தை நாம் மறக்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாகியது. இத்தனையும் சுமந்துகொண்டு ஒரு பெருநாளையோ தீபாவளியையோ தைப்பொங்கலையோ நம்பி ஆறு மாதம் முன்னரே கடனுக்குச் சரக்கு இறக்கி வைத்திருப்போம். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு லொறி வந்து நிற்கும். கடை வாசலுக்கு முன்னாலேயே படங்கு விரிப்பார்கள். பாதி விலை என்று ஒலிபெருக்கியில் கூவுவார்கள். பெருநாள் முடிந்ததும் லொறியும் இராது, ஆளும் இரார். கடைக்காரன் எரிச்சல் படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் "வெளிமாவட்டத்தவர்" என்ற அந்த ஒரு சொல்தான் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

யார் வெளியார்?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகே ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரும்புக் கடை, நகைக் கடை, தையல் கடை, லொறி என்று வைத்திருந்தவர்கள் சில நூறு ரூபாவோடு வவுனியாவுக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே எத்தனை பேருக்கு உடனே கடை கிடைத்தது? ஓலைக் கொட்டில் முகாமில் இருந்துகொண்டு, கொழும்பில் கடனுக்கு வாங்கிய துணியைப் பொட்டணியாகக் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்து, முன்பின் தெரியாத கிராமங்களில் படலை படலையாகத் தட்டியவர்கள்தாம் எம்மில் பலர். நானும் அவர்களில் ஒருவன். அன்று அந்தக் கிராமத்துக் கடைக்காரர்கள் "வெளிமாவட்டத்தவன் உள்ளே வரக்கூடாது" என்று மகஜர் எழுதியிருந்தால் எங்கள் பிள்ளைகள் என்ன சாப்பிட்டிருக்கும்?

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது எங்களில் சிலர் யாழ்ப்பாணம் வந்தது குடியேற அல்ல, வியாபாரம் பார்க்க. அறை வாடகைக்கு எடுத்து, பழைய இரும்பு சேர்த்தும் பிளாஸ்டிக் பாத்திரம் விற்றும் காலை ஊன்றப் பார்த்தார்கள். 2006 ஓகஸ்டில் பாதை மூடியதும் அதுவும் போயிற்று. யுத்தம் 2009இல் முடிந்த பிறகு மீண்டும் அதே கதை, அதே சைக்கிள். இன்று சோனகதெருவில் கடை வைத்திருக்கும் பலரின் முதலாவது முதலீடு அந்த நடமாடும் வியாபாரத்தில் சேர்த்ததுதான்.

இன்னும் ஒரு விடயம். பாட்டனார் ஐந்து சந்தியில் பிறந்திருப்பார். பேரன் புத்தளத்தில் பிறந்திருப்பான். அவனுடைய அடையாள அட்டையில் புத்தளம் முகவரிதான் இருக்கும். மோட்டார் சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு அவன் கோப்பாய்ப் பக்கம் போனால், இந்த மகஜரின்படி அவன் "வெளிமாவட்டத்தவன்". அவனை மறித்து நிறுத்தச் சொல்லி நானே கையொப்பம் இட வேண்டுமாம். தெற்கில் இருந்து வரும் சிங்கள வியாபாரியைக் குறிவைத்து எய்கின்ற அம்பு முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளையைத்தான் தைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என மொத்தம் 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. மாநகர சபைக்கு 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், நகர சபைக்கு 1939ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். மூன்றும் வேறு வேறு காலத்தில் எழுதப்பட்டவை. வியாபார அனுமதிப்பத்திரம், வியாபார வரி, உபவிதிகள் என்று ஒவ்வொரு சபைக்கும் அதிகாரம் உண்டு.

இவற்றின் அடிப்படை எது என்று பாருங்கள். பிரதேச சபைகள் ஆண்டுதோறும் வர்த்தமானியில் வெளியிட்டு வந்த அறிவித்தல்களில், 149ஆம் பிரிவின் கீழான அனுமதிப்பத்திரக் கட்டணம் கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியை வைத்துக் கணக்கிடப்படும். பெறுமதி 750 ரூபாவுக்குள் என்றால் 500, 1500க்குள் என்றால் 750, அதற்கு மேல் என்றால் 1000 ரூபா. 152ஆம் பிரிவின் வியாபார வரி முந்திய ஆண்டு வரவை வைத்து வரும். அதன் உச்சம் 3000 ரூபா. அதாவது, சட்டம் எழுதியவர்களின் மனதில் இருந்தது நான்கு சுவரும் ஒரு கூரையும் உள்ள கடை. சைக்கிளுக்கு என்ன வருடாந்தப் பெறுமதி? இந்த மாதம் மட்டும் வந்து போகும் லொறிக்கு முந்திய ஆண்டு வரவு எது? அளக்க முடியாததை அளக்கப் போகும்போது உபவிதியும் அதிகாரியின் மனமுமே அளவுகோல் ஆகிவிடுகின்றன.

இதன் விளைவை வீதியில் காணலாம். யாழ். நகரில் இருந்து பருத்தித்துறை வீதி வழியே ஒருவன் பொருள் விற்றுக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்வோம். நகருக்குள் மாநகர சபை. இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்றால் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை. நெல்லியடியில் வடமராட்சி தென்மேற்குப் பிரதேச சபை. கடைசியில் பருத்தித்துறை நகர சபை. ஒரு பகலில் நான்கு சபைகள். நான்கிலும் அனுமதி எடுத்து எவனால் பிழைக்க முடியும்? அதனால் ஒன்றிலும் எடுப்பதில்லை. எடுக்காதவனிடம் மறித்து வாங்கும் காசுக்குப் பற்றுச்சீட்டும் கிடைப்பதில்லை. என் சைக்கிள் நாட்களில் ஒரு சபை எல்லையில் வாரம் ஒரு தடவை இப்படிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பணம் சபையின் கணக்கில் சேர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. முறையான கட்டணமாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதி, ஊருக்கும் வருமானம்.

முறை இருந்தால் வேலை நடக்கும் என்பதற்கு எம் கண்முன்னே சாட்சி உண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாட்கள். வீதிகள் மூடப்பட்டு, மாநகர சபை இடம் அளந்து தற்காலிகக் கடைகளுக்குக் கொடுக்கிறது. இடம் எது, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்பது முன்னரே தெரியும். குறை இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நிரந்தரக் கடைக்காரனும் வெளியூர்க்காரனும் பக்கத்தில் பக்கத்தில் விற்கிறார்கள். அதேபோல 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் பூட்டப்பட்டபோது, மரக்கறியும் மீனும் அரிசியும் வீட்டு வாசலுக்குக் கொண்டு போக நடமாடும் வியாபாரிகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. சனம் உயிர் பிழைக்கத் தேவைப்பட்டபோது அவசரமாக அனுமதி எழுதத் தெரிந்த நிருவாகத்துக்கு, சாதாரண நாளில் எழுதத் தெரியாதா?

மதீனாவின் சந்தை

எமக்கு இதில் மார்க்க வழிகாட்டலும் இருக்கிறது. மக்காவில் செல்வராக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு மதீனா வந்தார். அன்ஸாரித் தோழர் தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அதை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்டுப் போனார். வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்று மறுபடியும் எழுந்தார். சந்தை வெளியூரானுக்கு மூடப்பட்டிருந்தால் அந்த வரலாறே இல்லை.

வெளியில் இருந்து சரக்கோடு வரும் கூட்டத்தை ஊர் எல்லையிலேயே மறித்து, சந்தை விலை தெரியுமுன் வாங்கிக்கொள்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வருபவன் சந்தைக்குள் வரட்டும், விலையை அறியட்டும் என்பதே அதன் கருத்து. அதே நபியவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரத்தை மறைத்து வைத்திருந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். வாசல் திறந்திருக்க வேண்டும், உள்ளே கண்காணிப்பும் இருக்க வேண்டும். எமது சபைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதும் இதுதான்.

எங்கள் பக்கக் குறையும் உண்டு

கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நடமாடும் வியாபாரத்தில் இறங்கிய எங்களவர் சிலர் பெயரைக் கெடுத்திருக்கிறார்கள். வடமராட்சிப் பக்கத்துத் தாய் ஒருவர் என் கடைக்கு வந்து, கட்டுக்காசுக்கு வாங்கிய கிரைண்டர் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது, விற்ற ஆளின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை, "உங்கட ஆக்கள்தானே" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. யுத்தத்தில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணின் வீட்டு வாசலில் ஏமாற்றிப் பெறும் லாபம் ஹலாலாகாது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கச் சொல்கிறது. மார்க்கம் கேட்காமலே நேர்மையாக இருக்கச் சொல்கிறது.

என்ன கேட்கலாம்?

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த சபைகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினர் இன்றி இருந்தன. 2025 மே 6ஆம் திகதி தேர்தலுக்குப் பின் இப்போது மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். வருட இறுதி வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் அவர்களிடம் பின்வருவனவற்றைக் கேட்போம்.

முதலாவது, 17 சபைகளும் ஏற்றுக்கொள்ளும் ஒரே அட்டை. படம், பெயர், நிரந்தர முகவரி, தொலைபேசி, விற்கும் பொருள் அதில் இருக்கட்டும். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை கொடுக்க முடிந்தது என்றால் இதுவும் முடியும். அட்டைக் காசைச் சபைகள் தமக்குள் பகிரட்டும்.

இரண்டாவது, கட்டணத்தில் தரம் பிரிப்பு. சைக்கிளில் மீன் பெட்டி கட்டி வருபவருக்கும் கூடையில் பலகாரம் கொண்டு வரும் பெண்ணுக்கும் பெயரளவுக் கட்டணம். லொறியில் சரக்கு இறக்கிப் பத்து நாள் கடை போடுபவருக்கு நாள் கணக்கில் கட்டணம், அதுவும் நிரந்தரக் கடைக்காரன் சுமக்கும் சுமைக்கு ஓரளவு ஈடாக. கடைக்காரனின் நியாயம் இங்கேதான் நிறைவேறும்.

மூன்றாவது, இடமும் நேரமும். நிரந்தரக் கடையின் வாசலை மறித்து எவரும் படங்கு விரிக்கக் கூடாது. பெருநாள் காலச் சந்தைக்கு மைதானம் ஒதுக்கி, அதில் ஒரு பங்கை உள்ளூர்க் கடைக்காரருக்கே முதலில் கொடுக்கட்டும்.

நான்காவது, பொறுப்பு. தற்காலிகக் கடைக்காரர் ஒரு வைப்புப் பணம் கட்ட வேண்டும். வாங்கியவரின் முறைப்பாடு தீர்ந்த பிறகே அது திரும்பக் கிடைக்க வேண்டும். முத்திரை இட்ட தராசு, உணவு என்றால் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை ஆகியவை கடைக்கும் வண்டிக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஐந்தாவது, கட்டணப் பட்டியல் சபை வாசலில் தொங்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் வாங்கக் கூடாது.

இந்தியாவில் 2014இல் தெருவோர வியாபாரிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது அது. பல நகரங்களில் நடைமுறை இழுபடுவதும் உண்மை. எனினும் விதி எழுதும் மேசையில் விதிக்கு உட்படுபவனுக்கும் ஒரு கதிரை வேண்டும் என்ற எண்ணம் நல்லது. எமது வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் அப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டலாம்.

ஜும்ஆ முடிந்து நண்பர்கள் திரும்பி வந்தார்கள். மகஜரில் நான் கையொப்பம் இடவில்லை. இந்த ஐந்து கோரிக்கைகளையும் வேறொரு தாளில் எழுதி, கீழே முதலில் என் கையொப்பத்தை இட்டு அவர்களிடம் நீட்டினேன். ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். மற்றவர் நின்று இரண்டு தடவை வாசித்தார். "லொறிக்காரனுக்கு நாள் கணக்கில் கட்டணம் என்றால் சரிதான்" என்று சொல்லிக் கையொப்பம் இட்டார். கல்லாவின் இலாச்சிக்குள் அந்தத் தாள் இருக்கிறது. இடம் இன்னும் நிறைய இருக்கிறது, சகோதரர்களே.