ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். என்றால் யார்?

பெரியவள் இந்த வருடம் கட்டடக்கலை படிப்பில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, ஒரு ஆர்க்கிடெக்ட் படத்தைத் தலைகீழா வரைவாராம், தெரியுமா?" என்றாள். எனக்கு எங்கே தெரியும்? பி.காம். முடித்த நாளிலிருந்து வங்கியில் கடன் ஃபைல் புரட்டுகிறவன் நான்.

அவள் சொன்னது பால் வில்லியம்ஸ் கதை. 1894-ல் லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்த கறுப்பர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தில் 1923-ல் சேர்ந்த முதல் கறுப்பின உறுப்பினர். வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் சிலர் அவர் பக்கத்தில் உட்காரவே தயங்குவார்களாம். அதனால் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தபடி, அவர்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரி தலைகீழாக வரையப் பழகிக்கொண்டார். சினிமா நட்சத்திரங்களுக்கு வீடு வரைந்து கொடுத்தார். அந்த மாதிரிப் பேட்டைகள் பலவற்றில் கறுப்பர்கள் குடியிருக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை இருந்த காலம் அது. 1980-ல் இறந்தார். அந்தச் சங்கத்தின் தங்கப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது 2017-ல். செத்து 37 வருடம் கழித்து!

இன்னொரு விஷயமும் சொன்னாள். 1992 கலவரத்தில் அங்கே ஒரு வங்கிக் கட்டடம் எரிந்தபோது, அவருடைய காகிதங்கள் எல்லாம் அதோடு போய்விட்டதாகவே பலர் நம்பினார்களாம். ஆனால் பேத்தி வரைபடங்களை வேறிடத்தில் பத்திரமாக வைத்திருந்தார். 2020-ல் ஒரு பல்கலைக்கழகமும் கெட்டி நிறுவனமும் சேர்ந்து அவற்றை வாங்கிக்கொண்டன.

"நம்ம ஊர்ல இப்படி யாராவது இருந்தாங்களாப்பா?" என்றாள். நம்ம ஊர் என்றதும் எனக்குக் கோவில்பட்டிதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு நம்ம ஊர் பெங்களூர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இந்த ஜோகுபாளையத்துச் சந்துகளில்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை. 1991-லிருந்து 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதைத் தாண்டி டிக்கன்சன் ரோடு பக்கம் போனால் ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். பள்ளி, கல்லூரி, மைதானம். இந்த ஆறு எழுத்தைச் சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். விரித்துச் சொல்லச் சொல்லிப் பாருங்கள்! எனக்கே இங்கே வந்து பல வருடம் தெரியாது.

ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். காலம் 1827 முதல் 1910 வரை. தண்டுப் பகுதியில் வியாபாரத்தில் முன்னுக்கு வந்த தமிழர். கப்பன் பார்க் ஓரத்தில் சிவப்பாக நிற்கிறதே கர்நாடக உயர்நீதிமன்றம், அந்த அட்டாரா கச்சேரியை 1864-68-ல் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அவர்தான். மேற்பார்வை சாங்கி என்கிற வெள்ளைக்காரப் பொறியாளர். பதினெட்டு அரசு இலாகாக்கள் அங்கே இருந்ததால் அட்டாரா என்று பெயர். பிறகு 1873-ல், ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அதுதான் இந்த ஆறு எழுத்து.

வில்லியம்ஸையும் இவரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். இவர் வரைபடக் கலைஞர் என்பதைவிடக் கட்டித் தந்தவர். பணமும் பார்த்தார், பட்டமும் வாங்கினார். வில்லியம்ஸ் பட்ட அவமானம் இவருக்கு இல்லை. ஆனால் கட்டடத்தைத் தினம் பார்க்கிற ஊருக்குக் கட்டினவர் பெயர் தெரியாது என்பதில் இருவருக்கும் ஒற்றுமை உண்டு.

இங்கேதான் நம்மவர்கள் சிலர் உற்சாகமாகி, "பாத்தீங்களா சார், பெங்களூரைக் கட்டினதே நாமதான்" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மைசூர் மக்களின் வரிப்பணம், சாங்கியின் மேற்பார்வை, பெயரே பதியாத கொத்தனார்கள், சித்தாள்கள்... இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தக் கட்டடம். 1980களில் அதை இடிக்கப் பேச்சு வந்தபோது எதிர்த்து நீதிமன்றம் வரை போனவர்கள், கட்டினவர் என்ன மொழி என்று பார்த்தா போனார்கள்? நம்ம ஊர்க் கட்டடம் என்று போனார்கள்.

2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம். தமிழ்நாட்டு வண்டிகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பழைய கார் தமிழ்நாட்டு நம்பர். பக்கத்து வீட்டு அஜ்ஜி, ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர், தானே கேட்டைத் திறந்து காரை உள்ளே விடச் சொல்லி, பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினார். அந்த ராத்திரி என்னைக் காப்பாற்றியது நான் பேசிய பழம்பெருமை இல்லை, அஜ்ஜிதான்.

பி.காம். முதல் வருடத்தில் எல்லோரும் குழம்புகிற ஒரு விஷயம் உண்டு. மூலதனத்தை ஏன் பொறுப்புப் பக்கம் எழுதுகிறோம்? போட்டவருக்கு வியாபாரம் திருப்பித் தர வேண்டிய தொகை அது, அதனால். முன்னோர் பெருமையையும் நான் அந்தப் பக்கத்தில்தான் எழுதுவேன். அது நம் சொத்து இல்லை, நாம் பட்ட கடன்.

யாருக்குத் திருப்பித் தருவது? நம் அடுக்குமாடி எழும் இடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகைகள் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். தருமபுரி, ராய்ச்சூர், பீகார் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த இடம். கணக்கு ஆரம்பிக்க வருகிறவர்களிடம் உள்ளூர் முகவரி கேட்டால் முழிப்பார்கள். பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால் பிள்ளைகள் படிப்பு எப்படி நிற்கும்? நாம் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் வசூலிக்கிறோம். தப்பில்லை, நானும் கொடுக்கிறேன். அதில் ஒரு பங்கை, மொழி பார்க்காமல், இந்தப் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஒதுக்கலாமே? முதலியார் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள், "அப்பா, இதை என் அசைன்மென்ட்ல சேத்துக்கவா?" தாராளமா சேத்துக்கோ, ஆனா ஆறு எழுத்தா எழுதாதே, முழுப் பெயரா எழுது என்றேன்.

துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சி என்று எங்கெங்கோ இருந்து படிக்கிறீர்கள். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பெயர் சுருங்கிக் கிடக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.