மண்ணுக்குச் சோதனை உண்டு, உழைப்பவனுக்கு இல்லையா?

விதைக்குமுன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புமாறு குடியானவர்களுக்கு நாம் இடைவிடாது சொல்லி வருகிறோம். இலை மஞ்சளித்த பிறகு ஆராய்வது காலங்கடந்த செய்கை என்பதை அவர்களும் அறிவர். ஆனால் அம்மண்ணில் வெயிலில் உழைப்பவனுடைய சிறுநீரகங்களைப்பற்றி இவ்வித முன்யோசனை நம்மிடமில்லை.

இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை ஆகிய நெற்பிரதேசங்களிலும், ஆந்திரத்து உத்தானத்திலும், நீரிழிவோ இரத்தக்கொதிப்போ இல்லாத விவசாயிகளையும் நாட்பட்ட சிறுநீரக நோய் பீடித்து வருகிறது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளரைச் சோதித்து 2025-ல் வெளியான ஆராய்ச்சியில், 100-க்குச் சுமார் 5 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை. கடும் வெயிலும், உடலில் நீர் வற்றுவதும் காரணமாயிருக்கலாமென வைத்தியர்கள் சந்தேகிக்கின்றனர்.

ஆரம்பத்தில் இந்நோய்க்கு வலியில்லை. இரத்தத்தில் கிரியாட்டினின் உயர்ந்து தெரிவதற்குள் சிறுநீரகத்தின் சக்தியில் பாதியளவு அழிந்துவிடக்கூடும். பிராணவாயுவினின்று உடலில் பிறக்கும் தீவிரப் பொருள்கள், அவற்றை அடக்கும் சக்தியை மீறிப் பெருகுதலை ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்பர். அதன் அடையாளமாகிய மாலன்டையால்டிஹைடு முதலியவற்றை அளந்து, நோயை முன்கூட்டியே அறிய ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். ஆயினும் இவை வேறு நோய்களிலும் உயர்வதால், வழக்கமான சோதனையாக இன்னும் ஏற்கப்படவில்லை. அதுவரை நாம் காத்திருத்தல் தகாது.

2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் உண்டாவென்று பார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்வகை நோயில் புரதம் சொற்பமாகவே இருக்கலாமாதலால், இரத்தச் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுதல் அவசியம். குறை தென்படின் மூன்று மாதங் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

சின்னாளப்பட்டியை அடுத்த திராட்சைத் தோட்டமொன்றில் இதை நான் எடுத்துரைத்தபோது, ஒரு தொழிலாளி, “ஐயா, சோதனை இனாம், அன்றைய கூலியை யார் தருவார்?” என்றார். அக்கேள்விக்கு விடை கூறவேண்டியவர் நிலச்சொந்தக்காரரே. இன்று நம்மிடம் உழைப்பவர் நாளை வேறிடம் போவாரே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வேறிடத்தினின்று நம்மிடம் வருவோரும் அவ்விதம் சோதிக்கப்பட்டவராயின், நஷ்டம் யாருக்குமில்லை.

ஆகையால் வருஷத்துக்கு ஒரு நாள், வேலை ஓய்ந்த பருவத்தில், கூலி குறையாமல் தொழிலாளரைச் சோதனைக்கு அனுப்புக. உச்சிவெயிலில் நிழலும், அருகிலேயே குடிநீரும், இடையிடையே ஓய்வும் அளிக்குக. உடல்வலிக்கு மாத்திரைகளைத் தம்மிஷ்டப்படி அடிக்கடி விழுங்குவதைத் தடுக்குக. மண்பரிசோதனையை வற்புறுத்தும் நாமும், கிராமக் கூட்டந்தோறும் இவ்விஷயத்தை மறவாது கூறுவோமாக.