"உப்புத்தாள் வேலைதானே" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்!

பதிவு கொஞ்சம் நீளம்தான். பட்டறை வைத்திருப்பவர்களும், பிள்ளைகளைப் பட்டறை வேலைக்கு அனுப்பியிருப்பவர்களும் கடைசிவரை படியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் புதிதாகப் பல்பயன் மரவேலை மெஷின் வாங்கி வீடியோ போட்டிருந்தார். ஒரே மோட்டாரில் அறுக்கலாம், துளை போடலாம், கடைசல் பிடிக்கலாம். கூடவே உப்புத்தாள் ஒட்டிய வட்டத்தட்டு, அதாவது டிஸ்க் சேண்டர். நல்ல முதலீடு, மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தட்டின் முன் நின்றது பட்டறையிலேயே வயதில் சின்னப் பையன். கழுத்தில் துண்டு, மூக்கில் ஒன்றுமில்லை, புருவம் முழுக்க மரத்தூள். "மாஸ்க் எங்கே தம்பி?" என்று கேட்டேன். "உப்புத்தாள் வேலைதானே சார், ரம்பத்துல நான்தான் நிக்கிறேன்" என்று பதில். அதற்குப் பத்துப் பேர் கைதட்டல் பொம்மை போட்டிருக்கிறார்கள்!

இது அவர் ஒருவரின் எண்ணம் இல்லை. ஊர் முழுக்க இப்படித்தான். ரம்பம் என்றால் பயம், உப்புத்தாள் என்றால் விளையாட்டு. இந்த எண்ணம் தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு கணக்கு. ஆறாம் வகுப்புக் கணக்குதான். தட்டின் விட்டம் 30 செ.மீ. சுற்றளவு 22/7 × 30, ஏறக்குறைய 94 செ.மீ. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. பெருக்கிப் பாருங்கள். தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 80 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது! பைபாஸில் போகும் பஸ்ஸின் மீது கையை உரசுவீர்களா? ரம்பம் கோடாக வெட்டும். இது தோல், சதை, நகம் என்று பரப்பாகத் தேய்த்து எடுக்கும். தைத்து மூடுவதற்கு அங்கே தோல் மிஞ்ச வேண்டுமே!

இரண்டாவது, எந்தப் பக்கம் வைத்துத் தேய்ப்பது? எதிரே நின்று பார்க்கும்போது தட்டு இடஞ்சுழியாகச் சுற்றினால் இடப்பக்கம் கீழே இறங்கும், வலப்பக்கம் மேலே ஏறும். இறங்கும் பக்கத்தில் வைத்தால் கட்டை மேசையோடு அழுந்தி நிற்கும். ஏறும் பக்கத்தில் வைத்தால் கட்டையைத் தூக்கி எறியும், தூளும் முகத்துக்கே வரும். மேசைக்கும் தட்டுக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதிகம் இருந்தால் சின்னத் துண்டு உள்ளே சிக்கும், பின்னாலேயே விரலும் போகும். உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டை விரலால் பிடிக்காமல் கிளாம்பில் பிடித்துத் தேய்க்க வேண்டும். கையுறை, துண்டு, தொங்கும் கயிறு எதுவும் சுற்றும் தட்டின் பக்கத்தில் வரக் கூடாது. இதையெல்லாம் அந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தீர்கள்? "பாத்துப் பண்ணுடா" என்றால் பயிற்சி முடிந்துவிடுமா?

மூன்றாவது, பல்பயன் மெஷினுக்கே உரிய ஆபத்து. ஒரே மெஷினில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வேகம். இழைப்புத் தண்டு நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேலும் போகும். ரம்பத்தைக் கழற்றிவிட்டு அதே தண்டில் இரும்புத் தட்டை மாட்டி உப்புத்தாள் ஒட்டும் வழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். மேலே போட்ட கணக்கை அந்த வேகத்துக்குப் போடுங்கள். 220 கி.மீ.யைத் தாண்டும்! தாள் கிழிந்து பறக்கும், மரம் கருகும். தட்டுக்கு என்ன வேகம் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் பார்த்து, அந்த வேகத்தை வைத்த பிறகுதான் கட்டையைக் கொண்டுபோக வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்கும்வரை நகரக் கூடாது. தாள் மாற்றும்போது சுவிட்ச் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

இப்போது தூளுக்கு வருகிறேன். வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரியும், ஓடிப்போய்க் கட்டுப்போடுவோம். தூள் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை முதல் பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பிரிவில், சேர்த்துவிட்டது. மூக்கின் உள்ளறையிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோய் அது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. எம்.டி.எஃப். பலகையின் பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவுதான். வீட்டில் பையன் பீடி பிடித்தால் அடிக்கப் போகிறோம். பட்டறையில் நாள் முழுக்கத் தூளை இழுத்தால் "நல்லா உழைக்கிறான்" என்கிறோம்!

"அந்தக் காலத்துல மாஸ்க்கா போட்டாங்க?" என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் கையால் தேய்த்தார்கள். பெரும்பாலான தூள் காலடியில் விழுந்தது. தட்டு கிளப்பும் தூளில் கண்ணுக்கே தெரியாத நுண்தூள் அதிகம். அது காற்றில் மிதந்து நுரையீரல்வரை போகும். "மாஸ்க் போட்டா வேர்க்குது" என்பீர்கள். வேர்க்கட்டும், துடைத்துக்கொள்ளலாம். என்-95 மாஸ்க் ஒன்றின் விலை டீ, வடைக் காசு. மெஷினுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவருக்குத் தூள் உறிஞ்சும் குழாய் மட்டும் வீண்செலவா? வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்வதையும் நிறுத்துங்கள். அடங்கிய தூளை மறுபடி மூக்குக்கு அனுப்பும் வேலை அது.

பராமரிப்பையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் பாதுகாப்புதான். அடைத்துப்போன தாள் அறுக்காது. அறுக்காததால் பையன் கட்டையை இன்னும் அழுத்துவான். அழுத்தும்போது கட்டை வழுக்கினால் கை நேராகத் தட்டில்தான். பழைய செருப்பின் கிரேப் ரப்பரை ஓடும் தட்டில் மெதுவாகக் காட்டினால் அடைப்புப் பெரும்பாலும் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் தாளை மாற்றுங்கள். பசை பிடித்த தாளை ஹேர் டிரையரால் சூடாக்கினால் சுலபமாக உரியும். பழைய பசையைச் சுத்தமாகத் துடைக்காமல் புதுத் தாளை ஒட்டாதீர்கள், விளிம்பு எழும்பும். மாதம் ஒருமுறை மூலைமட்டம் வைத்து மேசையும் தட்டும் செங்கோணமா என்று பாருங்கள். மரம் தேய்த்த தட்டில் ஆணி, இரும்பு தேய்க்காதீர்கள். ஒரு பொறி தூள் பையில் விழுந்தால் பட்டறையே போய்விடும்.

கடைசியாக ஒன்று. அந்த இடத்தில் ஏன் எப்போதும் கடைக்குட்டிப் பையனே நிற்கிறான்? வேலை சுலபம் என்பதாலா? இல்லை. நச்சரிக்கும் வேலை, தூள் தின்னும் வேலை, அதனால் பெரியவர்கள் யாருக்கும் அது பிடிப்பதில்லை. மறுத்துப் பேச முடியாதவன் தலையில் அதைக் கட்டிவிட்டு, "கத்துக்கட்டும்" என்று பெயர் வைத்திருக்கிறோம். கற்றுக்கொடுப்பதே என் தொழிலாக இருந்தது. சொல்லிக் கொடுக்காமல் நிற்கவைப்பது கற்பித்தல் ஆகாது.

என் மாணவர்களில் பட்டறை முதலாளிகள் பலர் இருக்கிறீர்கள். முதல் ஒரு வாரம் அந்தத் தட்டின் முன் நீங்களே நில்லுங்கள். நின்று, மாஸ்க் போட்டு, தூள் குழாய் மாட்டி, பக்கத்தில் பையனை வைத்துக் காட்டிக் கொடுங்கள். உங்கள் சொந்த மகனை நிறுத்தத் தயங்கும் இடத்தில் அடுத்தவர் மகனை நிறுத்தாதீர்கள்.

கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். குழாயும் மாஸ்க்கும் வாங்கிவிட்டால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்