'பவர் கூடின மாத்திரை'... சாப்பிடலாமா, வேண்டாமா?

தாயில்பட்டியில் பயர் ஆபீஸ் வேலைக்குப் போகும் 60 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களாக நெஞ்சு படபடப்பு. ஈசிஜி எடுத்துப் பார்த்ததில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்', அதாவது இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்றார்கள். துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. இரண்டையும் விடாமல் சாப்பிட்டும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த முறை டாக்டர், 'அமியோடரோன் ஆரம்பிக்கலாமா, வீட்டில் பேசிவிட்டு வாங்க' என்று அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. "பவர் கூடின மாத்திரைன்னா கிட்னி போயிரும்மா, வேண்டாம்னு சொல்லிரு" என்கிறான் மகன். "டாக்டர் சும்மாவா சொல்வாக?" என்கிறாள் மருமகள். அம்மாவுக்கோ வேறு கவலை. டெஸ்ட்டுக்கு அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போச்சு.

மகன் பயப்படுவதில் தப்பில்லை. பயப்படும் உறுப்புதான் மாறிவிட்டது. இந்த மருந்தில் கவனிக்க வேண்டியவை தைராய்டு, நுரையீரல், கல்லீரல்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. ரத்தம் அங்கே தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுப்பது ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைதான். அமியோடரோன் தாளத்தைச் சீராக்கப் பார்க்கும்; அந்த மாத்திரையின் வேலையைச் செய்யாது. 'புது மாத்திரை வந்துருச்சே' என்று பழையதை நிறுத்துவதுதான் ரொம்ப ஆபத்து.

பவர் கூடினால் நல்லதுதானே? ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நம்பினார்கள். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதயத்தின் கீழறையில் இடையிடையே கூடுதல் துடிப்பு வரும். 1980-களில் அதை அடக்க என்கைனைட், ஃபிளெகைனைட் என்று வீரியமான மருந்துகளைக் கொடுத்தார்கள். ஈசிஜி அழகாகிவிட்டது. பிறகு அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற ஆய்வில் இந்த மருந்துகளையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1991-ல் வெளியான கணக்கு இது: மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். ஈசிஜி சரியானது, ஆள் போய்விட்டார்.

அது வேறு நோய், வேறு மருந்து. ஃபிளெகைனைட்கூட மற்றபடி நல்ல நிலையில் உள்ள இதயத்துக்கு இன்றும் தரப்படுகிறது. ஆனால், 'இந்த மருந்து எனக்கு எதற்கு?' என்ற கேள்வியை டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கே வருவோம். தாளத்தைச் சீராக்குவதா, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதா? 4,060 பேரிடம் நடந்த 'அஃபர்ம்' ஆய்வு 2002-ல் வெளியானது. தாளத்தைச் சீராக்கியவர்கள் கூடுதலாக உயிர் வாழவில்லை. ஆனால் 2020-ல் வந்த 'ஈஸ்ட்' ஆய்வு, நோய் தெரிந்த ஒரு வருடத்துக்குள் தாளத்தைச் சீராக்கத் தொடங்கினால் பக்கவாதம் போன்ற பாதிப்புகள் குறைவதைக் காட்டியது. ஆக, நம் அம்மாவுக்கு டாக்டர் சொல்வதில் காரணம் இருக்கிறது. நோய் தெரிந்து சில மாதம்தான் ஆகிறது, மூச்சும் வாங்குகிறது. படபடப்பே தெரியாமல் நன்றாக நடமாடுபவருக்கு இதே மாத்திரை தேவைப்படாமலும் போகலாம்.

இனி அந்த மாத்திரை. 200 மில்லிகிராம் அமியோடரோனில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையோ 0.15 மில்லிகிராம்தான். அத்தனையும் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்காது என்றாலும், தைராய்டு கூடவும் குறையவும் இதுவே போதும். அதனால்தான் ஆரம்பிக்கும் முன்பே தைராய்டு, கல்லீரல் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி எடுக்கிறார்கள். தைராய்டையும் கல்லீரலையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். இந்தக் கூலிக் கணக்கைக் கூச்சப்படாமல் டாக்டரிடமே சொல்லலாம். ஒரே நாளில் எல்லா டெஸ்ட்டையும் முடிக்க வழி கேட்கலாம். 2022-லிருந்து விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

(தைராய்டே தாளம் தப்பக் காரணமாகவும் இருக்கலாம். 1991-ல் அமெரிக்க அதிபர் சீனியர் புஷ் ஜாகிங் போனபோது இப்படித்தான் மூச்சு வாங்கியது. தோண்டிப் பார்த்தால் தைராய்டு!)

பட்டாசு ஊருக்கு இன்னொரு விஷயம் முக்கியம். இந்த மாத்திரை சாப்பிடுபவர்களின் தோல் வெயிலைத் தாங்காது, எரியும், சிவக்கும். பல வருடம் போனால் முகம் சாம்பல் நீலமாக மாறுவதும் உண்டு. திரி, வெடி காயவைக்கும் மேடையில் நாளெல்லாம் வெயிலில் நிற்பவர், 'என் வேலை வெயில்லதான் சார்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முடிந்தால் நிழலில் மாற்று வேலை. வேறு மருந்தோ, கரன்ட் ஷாக் சிகிச்சையோ, அப்லேஷனோ தனக்குச் சரிவருமா என்றும் கேட்கலாம்.

சாப்பிடத் தொடங்கியபின் வறட்டு இருமல் விடாமல் இருந்தாலோ, மூச்சு வாங்குவது கூடினாலோ உடனே காட்ட வேண்டும். ஆனால் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இது உடம்பில் இருக்கும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதன் வேகத்தை அமியோடரோன் கூட்டிவிடும் என்பதால் அளவைக் குறைத்து, ரத்தம் உறையும் நேரத்தை அடிக்கடி பார்ப்பார்கள். சளி, காய்ச்சல் என்று மெடிக்கலில் நிற்கும்போதும் இந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுங்கள். அசித்ரோமைசின் போன்ற சாதாரண ஆன்டிபயாட்டிக்கூட இதோடு சேர்ந்தால் தாளத்தை இன்னும் மோசமாகக் கெடுத்துவிடலாம்.