"கார்டு வரட்டும், அப்புறம் மாறிக்கலாம்"

போன மாதம் டாலஸில் ஒரு நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழா. பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வழக்கம்போல் சமையலறை மேடையைச் சுற்றி நின்று இரண்டே விஷயம் பேசினோம். ஒன்று, யார் கம்பெனியில் லே-ஆஃப். இன்னொன்று, இந்த மாத விசா புல்லட்டின் எத்தனை வாரம் நகர்ந்தது. அப்போது ஒரு தம்பி, முப்பது வயது இருக்கும், சொன்னார்: "வேலை ரொம்ப போரடிக்குது அண்ணா. அஞ்சு வருஷமா அதே புராஜெக்ட். ஆனா கார்டு வரட்டும், அப்புறம் மாறிக்கலாம்னு இருக்கேன்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதே வாக்கியத்தை ஏழு வருடம் சொன்னவன் நான்.

2013 அக்டோபரில் ஹெச்-1பி விசாவில் வந்தேன். ஒரு இன்சூரன்ஸ் க்ளையண்ட், ராத்திரி ஓடும் பேட்ச் வேலைகள், காலையில் எது விழுந்தது என்று பார்த்து எழுப்பிவிடுவது. முதல் இரண்டு வருடம் நிஜமாகவே நிறையக் கற்றுக்கொண்டேன். 2015 ஆகஸ்டில் கம்பெனி எனக்காக பெர்ம் விண்ணப்பம் போட்டது. அந்தத் தேதிதான் என் பிரையாரிட்டி டேட். அடுத்த வருடம் ஐ-140 ஒப்புதல் வந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தோம். பிறகு நான் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டேன் என்பது எனக்கே தெரியவில்லை.

வருடத்துக்கு ஏறக்குறைய 1,40,000 கிரீன் கார்டுகள் வேலைவாய்ப்பு வழியில் தரப்படுகின்றன. மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று ஓர் உச்சவரம்பு. இந்தியாவில் பிறந்தவர்கள் வரிசையில் நிற்கும் நீளம் நம் எல்லோருக்கும் தெரியும். என் முறை இன்னும் வரவில்லை. ஆக, "கார்டு வரட்டும்" என்று நான் சொன்னபோது, முப்பதுகள் முழுவதையும் ஒத்திப்போடுகிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம். ஒரு ஆண்டோ இரண்டு ஆண்டோ என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பத்து, பதினைந்து ஆண்டு என்றால் அதைப் பொறுமை என்று சொல்ல முடியாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அப்பாதான் ஞாபகம் வருகிறார். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் 34 வருடம். கைலாசபுரம் டவுன்ஷிப்பில்தான் நான் வளர்ந்தேன். குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம் எல்லாம் அதே வளாகத்தில். வேலையை விடுவது என்ற பேச்சே அந்தத் தெருவில் கிடையாது. விட்டவரைப் பற்றி, "என்ன தப்பு பண்ணினாரோ" என்றுதான் கேட்பார்கள். அந்த மனசைத்தான் பெட்டியில் வைத்து டெக்ஸாஸுக்குக் கொண்டு வந்தேன்.

2021-ல் சும்மா பார்ப்போமே என்று ஓர் இண்டர்வியூவுக்குப் போனேன். எதிரே இருந்த அம்மையார் ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்த சிஸ்டத்தில் நீங்களே எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லுங்கள். அது சரியாகப் போனதா, தவறாகப் போனதா?" எனக்கு வாய் வரவில்லை. எட்டு வருடத்தில் நான் முடிவு எடுத்ததே இல்லை. எடுத்த முடிவுகளைக் காவல் காத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அந்தக் கம்பெனி சரியில்ல" என்று பொய் சொன்னேன்.

2023 ஜனவரியில் க்ளையண்ட் அந்த வேலையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். பதினைந்து நிமிட வீடியோ அழைப்பில் முடிந்தது. திட்டவும் தோன்றவில்லை, அவர்கள் கணக்கு அவர்களுக்கு. என் கணக்கு 60 நாள். ஹெச்-1பி-யில் இருப்பவருக்கு வேலை போனால், கடைசி வேலை நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் புதிய கம்பெனி மனு போட்டாக வேண்டும். மனு போடுமுன் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும், அதற்கே ஏழு வேலை நாள். வக்கீல் காகிதம் சேர்க்க இன்னும் சில நாள். ஆக, 60 நாள் என்பது நிஜத்தில் 45 நாள்தான். பெண் இரண்டாம் வகுப்பில். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் ஹெச்-4 வேலை அனுமதியும் என் அந்தஸ்தை நம்பித்தான் இருந்தது. 41-வது நாள் ஒரு ஆஃபர் வந்தது, பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. வாங்கிக்கொண்டேன்.

இதில் எனக்கு உறைத்தது வேலை போனது அல்ல. புதிய கம்பெனியின் வக்கீல் முதல் அழைப்பிலேயே சொன்னார்: உங்கள் ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் என்றைக்கோ தாண்டிவிட்டது. பழைய கம்பெனி அதை வாபஸ் வாங்கினாலும், மோசடியோ பெரிய பிழையோ இருந்தாலொழிய, அது உயிரோடுதான் இருக்கும். 2015 ஆகஸ்ட் உங்கள் தேதி, அது உங்களோடு வரும். அதை வைத்து ஆறு வருடத்துக்கு மேலும் ஹெச்-1பி நீட்டிக்கலாம். புதிய கம்பெனி பெர்ம், ஐ-140 இரண்டையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்த விதி 2017 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. ஆறு வருடம் நான் பயந்தது பாதி, படிக்காமல் விட்டதால் வந்த பயம். வாட்ஸ்அப் குழுவில், "மாறினா வரிசை போயிடும்டா" என்று யாரோ சொன்னதைச் சட்டம் என்று நம்பியிருந்தேன்.

அதற்காக நாளைக்கே எல்லோரும் ராஜினாமா செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. மாறக்கூடாத நேரங்களும் உண்டு. பெர்ம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐ-140 இன்னும் ஒப்புதலாகவில்லை என்றால் பொறுங்கள். இன்றைக்கு பெர்ம் ஒன்றுக்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதை நடுவில் விட்டுப் போனால் இழப்பு நிஜம். ஹெச்-1பி ஆறாவது வருடத்தில், கையில் ஐ-140 இல்லாமல் மாறுவது விஷப்பரீட்சை. வீட்டில் பிரசவமோ பெரிய மருத்துவச் செலவோ இருந்தால், புதிய இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பங்குகள் வெஸ்ட் ஆக இரண்டு மாதம்தான் பாக்கி என்றால் இரண்டு மாதம் இருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. மேனேஜர் மேல் கோபம் வந்த அன்று மட்டும் முடிவு எடுக்கவே எடுக்காதீர்கள்.

சரி, எப்போது மாறுவது? சம்பளத்தை வைத்து மட்டும் முடிவு செய்தால் தப்பாகிவிடும் என்பது என் அனுபவம். நான் இப்போது வருடத்துக்கு ஒருமுறை, அப்பிரைசல் முடிந்த வாரம், மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். போன பன்னிரண்டு மாதத்தில் நானாக எடுத்த முடிவு என்ன? எனக்கு மேலே இருப்பவர்களில் யாருடைய வேலையையாவது இரண்டு வருடத்தில் நான் செய்ய ஆசைப்படுகிறேனா? இன்றைக்கு வேலை போனால் 45 நாளில் இன்னொன்று கிடைக்குமா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் தேட ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை என்றாலும்கூட. ஏனென்றால் விசாவில் இருப்பவனுக்கு நிரந்தர வேலை என்று ஒன்று கிடையாது. அடுத்த வேலை கிடைக்கும் என்ற தெம்பு மட்டும்தான் உண்டு. அந்தத் தெம்பு ஒரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் வருடா வருடம் கரையும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது தெரியாது.

இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு இது நேர் எதிர்ப் பிரச்சினை. நியூ ஜெர்சியில் என் அண்ணன் மகள் கல்லூரி முடித்துச் சேர்ந்த முதல் வேலையைப் பத்து மாதத்தில் விடப்போகிறேன் என்றாள். அண்ணன் என்னிடம் புலம்பினார்: "நீயாவது சொல்லுடா, நாங்க எல்லாம் இப்படியா இருந்தோம்?" அவளோடு பேசினேன். "சித்தப்பா, விசா பயம் எனக்கு இல்ல. நான் ஏன் வெயிட் பண்ணணும்?" என்றாள். நியாயமான கேள்வி. நம் பயத்தை அவர்கள் தலையில் கட்டுவது சரியில்லை.

ஆனால் ஒன்று சொன்னேன். "நீ எழுதின ஒரு விஷயம் நிஜ உலகத்துல ஓடி, உடைஞ்சு, அதை நீயே உட்கார்ந்து சரி பண்ற வரைக்கும் இரு. அது வரைக்கும் நீ அந்த வேலையைக் கத்துக்கல, ஆரம்பிச்சுதான் வச்சிருக்க." பத்து மாதத்துக்கு ஒருமுறை மாறுபவர்கள் தாங்கள் செய்த தவறு வெடிப்பதைப் பார்ப்பதே இல்லை. அதை வேறு யாரோ துடைக்கிறார்கள். சம்பளம் ஏறும், கை ஏறாது. நான் தவறு செய்யும் உரிமையே இல்லாத இடத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். அவள் தவறைச் சந்திக்கும் முன்பே கிளம்பப் பார்த்தாள். இரண்டிலும் குறைவது ஒன்றேதான். யோசித்துவிட்டு, கையில் இருந்த ரிலீஸ் முடியும்வரை இருந்தாள். பிறகு மாறினாள். அண்ணனுக்கு இன்னும் வருத்தம்தான்.

அப்பாவிடம் நான் வேலை போன செய்தியை இரண்டு மாதம் சொல்லவே இல்லை. புதிய வேலை கிடைத்த பிறகுதான் சொன்னேன். "34 வருஷம் ஒரே இடத்துல இருந்த உங்க பிள்ளை நான், இப்படி ஆயிடுச்சு" என்று இழுத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எங்களுக்கு வீடு குடுத்தாங்க, ஆஸ்பத்திரி குடுத்தாங்க, உங்களை எல்லாம் படிக்க வச்சாங்க. அதனால இருந்தோம். உனக்கு இதுல என்னப்பா குடுத்தாங்க? நீ எதுக்கு இவ்வளவு நாள் இருந்த?"

பதில் சொல்லத் தெரியவில்லை. டாலஸில் அந்தத் தம்பியிடமும் நீளமாக எதுவும் சொல்லவில்லை. இந்த வாரக் கடைசியில் ஃபைலை எடுத்து, ஐ-140 ஒப்புதல் தாளில் இருக்கும் இரண்டு தேதிகளையும், பிரையாரிட்டி டேட், ஒப்புதல் தேதி, படித்துப் பார்க்கச் சொன்னேன். 180 நாள் தாண்டியிருந்தால் சொந்தக் காசில் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசச் சொன்னேன். கம்பெனி வக்கீல் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். பிறகு ரெஸ்யூமேயைத் திறந்து, கடைசி வரியில் எந்த வருடம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். என்னுடையதில் 2014 இருந்தது.